வேப்பங்கொட்டைக் கரைசல்

வேப்பங்கொட்டைக் கரைசல் என்பது வேப்ப விதையின் பருப்பை இடித்து, நீரில் ஊறவைத்து, வடித்துப் பெறப்படும் தாவரப் பூச்சிவிரட்டி ஆகும். கத்தரி, வெண்டை, தக்காளி, அவரை முதலிய காய்கறிச் செடிகளைத் தாக்கும் பூச்சிகளைக் கட்டுப்படுத்த இது தெளிக்கப்படுகின்றது. 100 லிட்டர் கரைசலுக்கு 5 கிலோ பருப்பு என்ற அளவில் தயாரிக்கப்படுவதால் இது 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு எனவும் அழைக்கப்படுகின்றது. இக்கரைசல் பூச்சிகளை உடனடியாகக் கொல்வதில்லை. அவற்றை உண்ணவிடாமலும் வளரவிடாமலும் தடுக்கின்றது. இதன் நன்மைகளுக்கும் வரம்புகளுக்கும் இவ்வியல்பே அடிப்படை.

தேவை

வேதிப் பூச்சிக்கொல்லி தெளித்த பின்னர், அறுவடைக்கு முன் குறிப்பிட்ட நாட்கள் காத்திருக்க வேண்டும். நெல் போன்று ஒரே முறை அறுவடை செய்யப்படும் பயிரில் இதனைக் கடைப்பிடிப்பது எளிது. வெண்டையோ ஒன்று விட்டு ஒரு நாள் பறிக்கப்படுவது. கத்தரியும் சில நாட்களுக்கு ஒருமுறை பறிக்கப்படுகின்றது. எனவே காத்திருப்புக் காலம் முடியுமுன்பே பறிக்கப்படும் காய்களில் நச்சு எஞ்சியிருக்க வாய்ப்புண்டு. மோனோகுரோட்டோபாசு என்னும் கடும் நச்சு மருந்தைக் காய்கறிப் பயிர்களில் பயன்படுத்த இந்திய அரசு 2005 இல் தடை விதித்தது. வேப்பங்கொட்டைக் கரைசலின் முதன்மை வேதிப்பொருள் சூரிய ஒளியில் சில நாட்களிலேயே சிதைந்துவிடுவதால், அடிக்கடி பறிக்கப்படும் காய்கறிகளுக்கு இது ஏற்றதாகக் கருதப்படுகின்றது.

வரலாறு

சேமித்த தானியத்தில் பூச்சி விழாமலிருக்க வேப்பிலை இடுவது தமிழகத்தில் நெடுங்காலமாக உள்ள வழக்கமாகும். 1959 இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் பிற தாவரங்களை அழித்தபோது வேப்ப மரங்கள் மட்டும் தப்பியதைச் செருமானியப் பூச்சியியலாளர் ஹைன்ரிக் ஷ்முட்டரர் கண்டார். 1962 இல் தில்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பிரதான், ஜோத்வானி ஆகியோர் வேப்பம் பருப்புக் கரைசலைப் பயிர்களில் தெளித்து, வெட்டுக்கிளிகள் அவற்றை உண்ணாமல் விலகுவதைக் காட்டினர்.

1968 இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் பட்டர்வொர்த், மார்கன் ஆகியோர் வேப்ப விதையிலிருந்து அசாடிராக்டின் என்னும் சேர்மத்தைப் பிரித்தெடுத்தனர். இதன் மூலக்கூறு மிகவும் சிக்கலானது. கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தின் இசுடீவன் லே குழுவினர் 22 ஆண்டுகள் முயன்று 2007 இல் தான் இதனை ஆய்வகத்தில் முழுமையாகத் தொகுத்தனர். வணிக அடிப்படையில் இன்றும் இது வேப்ப விதையிலிருந்தே பெறப்படுகின்றது.

செயற்படும் முறை

அசாடிராக்டின் மூன்று வழிகளில் செயற்படுகின்றது.

* உண்ணாமை: பூச்சியின் வாயுறுப்புகளில் உள்ள சுவையுணர் செல்களைத் தூண்டி, இலையை உண்ணத் தகாததாக உணரச் செய்கின்றது.
* வளர்ச்சித் தடை: புழு வளர வேண்டுமாயின் அவ்வப்போது தன் தோலை உரிக்க வேண்டும். இதற்குத் தேவையான எக்டைசோன் என்னும் இயக்குநீரின் சுரப்பை இது குலைக்கின்றது. தோலுரிக்க இயலாத புழு சில நாட்களில் இறக்கின்றது.
* இனப்பெருக்கத் தடை: தாய்ப்பூச்சிகள் முட்டையிடுவது குறைகின்றது.

இதனால் தெளித்த மறுநாளும் செடியில் புழுக்கள் உயிருடன் காணப்படலாம். இதனைக் கரைசலின் தோல்வியாகக் கொள்ளலாகாது. புழுக்களின் எண்ணிக்கையை விட, புதிதாக இலைகள் கடிபடுகின்றனவா என்பதையே கவனிக்க வேண்டும். முதிர்ந்த புழுக்களை விட இளம் புழுக்களே எளிதில் பாதிக்கப்படுவதால் தொடக்கத்திலேயே தெளிப்பது இன்றியமையாதது.

தயாரிக்கும் முறை

100 லிட்டர் கரைசலுக்குத் தேவையானவை: வேப்பம் பருப்பு 5 கிலோ, சோப்பு 200 கிராம், நீர்.

1. பருப்பை நன்கு இடித்துத் தூளாக்கி, 10 லிட்டர் நீரில் ஓர் இரவு ஊறவைக்க வேண்டும்.
2. காலையில் கரைசல் பால் போன்ற வெண்ணிறம் அடையும் வரை மரக்கட்டையால் கலக்க வேண்டும்.
3. இரண்டாக மடித்த மெல்லிய துணியில் வடிகட்டி, நீர் சேர்த்து 100 லிட்டராக்க வேண்டும்.
4. சோப்பைத் தனியே குழைத்துச் சேர்க்க வேண்டும். சோப்பு, கரைசல் இலையில் பரவி ஒட்ட உதவுகின்றது.

தாம்பரம், பீர்க்கன்கரணை போன்ற சென்னைப் புறநகர்ப் பகுதிகளின் மாடித்தோட்டங்களில் சில தொட்டிச் செடிகளுக்கு 1 லிட்டர் கரைசலே போதும். இதற்கு 50 கிராம் பருப்பும் 2 கிராம் சோப்பும் தேவை. எடையிடும்போது ஓடு நீக்கிய பருப்பையே கணக்கிட வேண்டும். ஓட்டுடன் எடையிட்டால் கரைசல் வலுவிழந்துவிடும்.

விதைகள் நிழலில் உலர்த்தப்பட்டு, பூஞ்சணம் இன்றி இருத்தல் வேண்டும். பறித்து 3 மாதம் முதல் 8 மாதம் வரையான விதைகள் ஏற்றவை. வேப்பிலையில் அசாடிராக்டின் மிகக் குறைவு. எண்ணெய் பிழியும்போது அதன் பெரும்பகுதி பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகின்றது. எனவே இலைச்சாறும் எண்ணெயும் பருப்புக் கரைசலுக்கு நிகரானவை அல்ல.

தெளிக்கும் முறை

கரைசலைத் தயாரித்த அன்றே பயன்படுத்த வேண்டும். வெயில் தாழ்ந்த மாலை வேளையில், இலைகளின் அடிப்பக்கமும் நனையுமாறு தெளிக்க வேண்டும்; அசுவினி, வெள்ளை ஈ, தத்துப்பூச்சி ஆகியவை பெரும்பாலும் அங்கேயே தங்குகின்றன. 7 முதல் 10 நாட்களுக்கு ஒருமுறை மீண்டும் தெளிக்க வேண்டும். மழை பெய்தால் கரைசல் கழுவப்பட்டுவிடும்.

வரம்புகள்

அசுவினி, தத்துப்பூச்சி, வெள்ளை ஈ, இலை தின்னும் இளம் புழுக்கள், கத்தரி இலையைச் சுரண்டும் புள்ளி வண்டு ஆகியவற்றின் பெருக்கத்தை இக்கரைசல் குறைக்கின்றது. எனினும் பின்வரும் நிலைகளில் இது மட்டும் போதுமானதன்று.

* கத்தரித் தண்டு மற்றும் காய்த்துளைப்பான்: முட்டையிலிருந்து வெளிவந்த சில மணி நேரத்திலேயே புழு தண்டினுள்ளோ காயினுள்ளோ புகுந்துவிடுகின்றது. உள்ளிருக்கும் புழுவைக் கரைசல் எட்டாது. வாடிய நுனித்தண்டுகளையும் துளையுள்ள காய்களையும் வெட்டி அழிப்பதும், இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதும் தேவை.
* வெண்டை மஞ்சள் நரம்புத் தேமல்: இது வெள்ளை ஈயால் பரவும் தீநுண்ம நோய். நோயுற்ற செடியைக் கரைசல் குணப்படுத்தாது. அச்செடியைப் பிடுங்கி அழிக்க வேண்டும். வெள்ளை ஈக்களைக் கவர மஞ்சள் ஒட்டுப்பொறி பயன்படும்.

பாதுகாப்பு

அசாடிராக்டின் பெரிதும் இலையை உண்ணும் பூச்சிகளையே பாதிக்கின்றது. ஆதலால் தேனீ, அசுவினிகளை உண்ணும் பொறிவண்டு போன்ற நன்மை செய்யும் பூச்சிகளுக்குத் தீங்கு ஒப்பீட்டளவில் குறைவு.

எனினும் இயற்கைப் பொருள் என்பதாலேயே இது முற்றிலும் தீங்கற்றது என்று கொள்ளலாகாது. மலேசியாவில் இந்திய வம்சாவளிக் குடும்பங்களில் கைமருந்தாக வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட கைக்குழந்தைகள் கடும் நச்சுப் பாதிப்புக்கு உள்ளானது 1981 இல் மருத்துவ இதழில் பதிவானது. கரைசலையும் எண்ணெயையும் குழந்தைகளுக்கு எட்டாதவாறு வைக்க வேண்டும். மீன்கள் வாழும் நீர்நிலைகளில் மிஞ்சிய கரைசலைக் கொட்டக்கூடாது. காய்கறிகளை வழக்கம்போல் கழுவிய பின்னரே சமைக்க வேண்டும்.

காப்புரிமை வழக்கு

வேப்பெண்ணெயைக் கொண்டு தாவரப் பூஞ்சணங்களைக் கட்டுப்படுத்தும் முறைக்கு ஐக்கிய அமெரிக்க வேளாண்மைத் துறைக்கும் டபிள்யூ. ஆர். கிரேசு நிறுவனத்துக்கும் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994 இல் காப்புரிமை வழங்கியது. இம்முறை இந்தியாவில் ஏற்கனவே அறியப்பட்டது எனக் கூறி, வந்தனா சிவா, மாக்தா ஆல்வூட், பன்னாட்டு இயற்கை வேளாண் இயக்கங்களின் கூட்டமைப்பு ஆகியோர் எதிர்ப்பு மனு அளித்தனர். 2000 மே மாதம் காப்புரிமை நீக்கப்பட்டது. மேல்முறையீடும் 2005 மார்ச் 8 அன்று தள்ளுபடி செய்யப்பட்டது.

இவற்றையும் பார்க்க

* வேம்பு
* ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை
* இயற்கை வேளாண்மை
* மாடித்தோட்டம்