இழப்பிலும் பங்கு



2023 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தை நம் குடும்பங்கள் எளிதில் மறந்திருக்க முடியாது. தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அரசே ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டியதாயிற்று. பங்கு இல்லத்துச் சமையலறையில் நானும் முணுமுணுத்தேன். சில வாரங்களில் விலை தலைகீழாக விழுந்தது. ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த விவசாயி ஒருவர் கோவில் வாசலில் நான்கு கூடை தக்காளியோடு நின்றார். "ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க சாமி. மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனா பறிகூலியும் வண்டி வாடகையும்கூடத் தேறாது" என்றார்.

எல்லாரும் எடுத்துக்கொண்டோம், நன்றியும் சொன்னோம். அவர் வாங்கிய கடன் என்னவாகும் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று மாலை செபமாலை சொல்லும்போதுதான் அது என்னை உறுத்தியது. விலை ஏறியபோது நாம் வருந்தினோம். விலை விழுந்தபோது அவர் வருந்தினார். ஒரே பீடத்திலிருந்து ஒரே அப்பத்தைப் பகிர்ந்துகொள்ளும் நாம், ஏன் தனித்தனியாக வருந்த வேண்டும்?

சமூக ஆதரவு வேளாண்மை

இந்தக் கேள்விக்கு வேறு சில நாடுகளில் ஒரு நடைமுறை விடை கண்டிருக்கிறார்கள். அதைச் 'சமூக ஆதரவு வேளாண்மை' என்கிறார்கள். சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு விவசாயியோடு ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. விதைப்பதற்கு முன்பே, அந்தப் பருவத்துக்கான பணத்தைக் கொடுத்துவிடுகின்றன. விவசாயி வட்டிக்குக் கடன் வாங்காமல் விதையும் எருவும் வாங்குகிறார். அறுவடை தொடங்கியதும், விளைந்ததை வாரந்தோறும் அந்தக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார். நன்றாக விளைந்தால் கூடை நிறையும். பூச்சியோ வறட்சியோ வந்தால் கூடை குறையும். பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை.

ஜப்பானில் தொழிற்சாலைக் கழிவுகளாலும் பூச்சிமருந்துகளாலும் மக்கள் அஞ்சியிருந்த காலத்தில், 1970களில் இத்தகைய கூட்டுறவு பரவியது. 'தெய்க்கெய்' என்று அதற்குப் பெயர். கைகோத்து நடப்பது என்று பொருள் சொல்லலாம். சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் 1978இல் இதைப் போன்ற ஒரு தோட்டம் உருவானது. அமெரிக்காவில் 1986இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் இண்டியன் லைன் பண்ணையும், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் டெம்பிள்-வில்டன் பண்ணையும் இவ்வழியில் காய்கறி விளைவிக்கத் தொடங்கின.

டெம்பிள்-வில்டன் பண்ணையின் வழக்கம் நம் சிந்தனைக்குரியது. ஆண்டுக் கூட்டத்தில் விவசாயிகள் அந்த ஆண்டின் செலவுக் கணக்கை எல்லார் முன்னும் வைக்கிறார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன்னால் இயன்ற தொகையைச் சொல்கிறது. மொத்தம் போதவில்லையென்றால் மீண்டும் ஒரு சுற்று கேட்கிறார்கள். வசதியுள்ளவர் கூடுதலாகத் தருகிறார். இல்லாதவர் குறைவாகத் தருகிறார். ஆனால் காய்கறி எடுப்பது கொடுத்த பணத்தைப் பொறுத்ததல்ல, வீட்டின் தேவையைப் பொறுத்தது. தொடக்கத் திருச்சபையைப் பற்றித் திருத்தூதர் பணிகள் நூலின் நான்காம் அதிகாரத்தில் நாம் வாசிப்பது நினைவுக்கு வரவில்லையா?

'பங்கு' என்ற சொல்

அந்த நாடுகளில் இப்படிச் சேரும் குடும்பம் பெறுவதை 'பங்கு' என்றே அழைக்கிறார்கள். தமிழில் நமக்கு அந்தச் சொல் இன்னும் நெருக்கமானது. நம் கோவிலைச் சார்ந்த இறைமக்கள் சமூகத்தையே நாம் 'பங்கு' என்கிறோம். கோவில் திருவிழாவில் நமக்குப் பங்கு உண்டு, அசனத்தில் பங்கு உண்டு. நம்மில் ஒருவருடைய நட்டத்தில் நமக்குப் பங்கு உண்டா? உடலின் ஓர் உறுப்பு துன்புற்றால் மற்ற உறுப்புகளும் சேர்ந்து துன்புறும் என்று பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதினார். அது மண்ணுக்கும் சந்தைக்கும்கூடப் பொருந்தும்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்ற திருமடலின் 129ஆம் எண்ணில், உலக மக்களில் பெரும்பாலோருக்கு உணவளிப்பது சிறு அளவிலான உணவு உற்பத்தியே என்று நினைவூட்டினார். சிறு விவசாயி நிலத்தை விற்றுவிட்டால் இழப்பு அவருக்கு மட்டுமல்ல, நமக்கும்தான்.

வந்த காயைச் சமைப்பது

இதில் இல்லத்தரசிகளுக்கும், சமையலறைக்குள் நுழையத் தயங்கும் ஆண்களுக்கும் ஒரு பயிற்சி உண்டு. சந்தையில் நாம் விரும்பிய காயை வாங்குகிறோம். இந்த முறையிலோ, நிலம் தந்த காயைச் சமைக்க வேண்டும். பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்கள் எகிப்தின் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து முறுமுறுத்ததாக எண்ணிக்கை நூல் சொல்கிறது. இல்லாததை நினைத்து இருப்பதை வெறுப்பது பழைய நோய்தான்.

நம் கோடைக்காலம் தரும் காய்கள் கோடைக்கு ஏற்றவை. வெள்ளரி, சுரை, பூசணி, புடலை, பீர்க்கு எல்லாம் நீர் நிறைந்தவை. அவற்றைச் சமைக்கத் தண்ணீர் அதிகம் தேவையில்லை. உப்பு சேர்த்து மூடி வைத்தால் தாமே நீர் விட்டு வேகும். பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்த்தால் கூட்டு ஆயிற்று. பீர்க்கங்காயின் தோலை வதக்கித் துவையல் அரைக்கலாம். பூசணி மிஞ்சினால் மோர்க்குழம்பு. நாலைந்து காய்கள் கொஞ்சம் கொஞ்சமாக இருந்தால் அவியல். வெண்டைக்காய் முற்றுவதற்குள் வற்றல் போடலாம். மாங்காயும் முருங்கைக்காயும் சேர்ந்த சாம்பாருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கொத்தவரங்காய் வற்றலும் மோர்மிளகாயும் கோடையில் மிகுந்ததை மழைக்காலத்துக்குச் சேர்த்து வைக்க நம் பாட்டிமார் கண்ட வழிகள். மிஞ்சியதை வீணாக்காதிருப்பதும் ஆண்டவர் கற்பித்ததே. அப்பங்களைப் பலுகச் செய்தபின் துண்டுகளைச் சேர்த்து வைக்கச் சொன்னவர் அவர்.

நாம் என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் வேண்டாம். ஓர் அன்பியத்தில் பத்துக் குடும்பங்கள், ஒரு விவசாயி. அவர் தை, மாசியில் விதை ஊன்றும் முன் செலவைக் கணக்கிட்டு வெளிப்படையாகச் சொல்லட்டும். அவருடைய உழைப்புக்கும் கூலி அதில் இருக்கட்டும். குடும்பங்கள் இயன்றதை முன்பணமாகத் தரட்டும். முடியாத குடும்பம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளட்டும். ஞாயிறு திருப்பலிக்குப் பின் கோவில் வளாகத்திலேயே காய்களைப் பிரித்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இதில் சேர்ந்தால் காய்கறி மலிவாகக் கிடைக்கும் என்று எண்ணிச் சேர வேண்டாம். சில வாரம் கடையைவிடக் கூடுதலாகவே ஆகலாம். ஒரு வாரம் கூடையில் இரண்டு சுரைக்காய் மட்டுமே இருக்கலாம். அந்த வாரம் முகம் சுளிக்காமல் வாங்கிச் செல்கிறோமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மலிந்த காலத்தில் மட்டும் சேர்ந்திருப்பதற்கு 'பங்கு' என்ற பெயர் பொருந்தாது.

தக்காளிக் கூடையோடு நின்ற அந்தச் சகோதரரைப் பின்னர் வீட்டில் சந்தித்தேன். அன்று கேட்காமல் விட்டதைக் கேட்டேன். கடன் முழுதும் தீரவில்லை என்றார். "நீங்க கேட்டதே போதும் சாமி" என்றும் சொன்னார். போதாது என்று எனக்குத் தெரியும்.

அன்றாட உணவைத் தரும் ஆண்டவரே, அந்த உணவை விளைவிப்போரின் சுமையிலும் பங்குபெற எங்களுக்கு மனம் தாரும். ஆமென்.