கொல்லையில் ஒரு கூடாரம்

குழந்தையின் பிறந்த நாளென்றால் கேக்கும் மெழுகுவர்த்தியும் போதுமென்று பல இல்லங்களில் எண்ணுகிறார்கள். 1998 முதல் மோட்டார் கார்கள் உற்பத்தியாகி வரும் இருங்காட்டுக்கோட்டையில் இதைவிட அரியதொரு வைபவம் நடத்தலாம்.

அருகிலுள்ள ஸ்ரீபெரும்புதூர், ராமாநுஜர் அவதரித்த ஸ்தலம். அவருடைய திருநட்சத்திரம் சித்திரைத் திருவாதிரை. அந்தச் செந்நிறத் தாரகை சித்திரையில் பொழுது சாய்ந்ததும் மேல்வானில் தெரியும். தம் ஜன்ம நட்சத்திரத்தின் பெயரை ஒப்பிக்கும் குழந்தைகளில் எத்தனை பேர் அதைக் கண்டிருக்கிறார்கள்?

கொல்லையில் மூங்கில் நட்டுப் பழைய வேஷ்டியைக் கட்டினால் கூடாரம் தயார். ஏழெட்டுத் தோழர்கள், சுண்டல், பானகம், கொசுவலை போதும். அருகில் நெருப்பு வேண்டாம்; பெரியவர் ஒருவர் உடன் படுக்கட்டும்.

இது மேனாட்டு வழக்கமன்றோ எனச் சிலர் கேட்கலாம். பேடன் பவல் 1907-ல் பிரௌன்ஸீ தீவில் சிறுவர்களுக்குப் பாசறை நடத்தியது உண்மையே. ஆனால் அவருடைய சாரணர் படையில் இந்தியச் சிறுவர்களுக்கு இடம் மறுக்கப்பட்டபோது, அன்னி பெஸண்ட் அம்மையார் 1916-ல் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தோற்றுவித்தார். மறுக்கப்பட்ட கூடாரத்தை நாமே கட்டிக்கொண்டோம்!

ஆலை விளக்குகளை நம்மால் அணைக்க இயலாது. வீட்டு விளக்கையேனும் அன்றிரவு அணைத்துவைப்போம். பஞ்சாங்கப்படி பிறந்த நட்சத்திரம் வரும் நாளில் சந்திரன் அதனருகிலேயே இருப்பான். குழந்தைக்கு வழிகாட்ட அவன் போதும்.