தடம் மாறிய இரு செய்மதிகள்

அந்நிய நகரொன்றில் குடிவரவு அலுவலகத்தைத் தேடி, கைத்தொலைபேசியைப் பார்த்தபடி நடந்திராதவர் இன்று நம்மிடையே அரிது. அத்திரையில் நகரும் சிறு புள்ளியைச் செய்மதிகளிலுள்ள மணிக்கூடுகளே நடத்துகின்றன. செய்மதி தன் இடத்தையும் நேரத்தையும் ஓயாது ஒலிபரப்புகிறது. சமிக்ஞை வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு நமது கருவி தூரத்தைக் கணிக்கிறது. ஒரு செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினாலும் தூரம் 30 சென்ரிமீற்றர் பிசகும். ஆதலால் செய்மதியின் சுற்றுப்பாதை ஒழுங்காக அமைவது அவசியம்.

2014 ஆகஸ்ட் 22ஆம் நாள், பிரெஞ்சுக் கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து, ஐரோப்பாவின் கலிலியோ தொகுதிக்கான ஐந்தாம், ஆறாம் செய்மதிகளைச் சுமந்து சோயுஸ் ரொக்கெற் ஒன்று புறப்பட்டது. வெற்றி என்ற அறிவிப்பும் முதலில் வெளியாயிற்று. ஆனால், ஏறத்தாழ 23,200 கிலோமீற்றர் உயரத்தில் வட்டமாகச் சுற்றவேண்டிய அவை, புவியை 13,700 கிலோமீற்றர் வரை நெருங்கியும் 25,900 கிலோமீற்றர் வரை விலகியும் ஓடும் நீள்வட்டத்தில் விடப்பட்டிருந்தன.

காரணம் சிறியது. ரொக்கெற்றின் மேற்கட்டத்தில், குளிர்ந்த ஹீலியம் செல்லும் குழாயும் ஐதரசீன் எரிபொருட் குழாயும் ஒன்றையொன்று ஒட்டிப் பொருத்தப்பட்டிருந்தன. ஐதரசீன் உறைந்தது, மேற்கட்டம் திசை தவறியது. குழாய்களைப் பொருத்தும் முறையை வரைபடங்கள் தெளிவாகக் கூறவில்லை என விசாரணைக் குழு கண்டது. மாணவரின் வரைபடங்களைத் திருத்தியே கண் மங்கிய நமக்கு இதில் வியப்பில்லை.

சிறு திருத்தங்களுக்கென வைத்த எரிபொருளைக் கொண்டு அவற்றை உரிய வட்டத்துக்கு ஏற்றுவது இயலாத காரியம். எனினும் ஐந்தாம் செய்மதியின் தாழ்புள்ளியை, 2014 நவம்பரில், 17 நாட்களில் 11 நகர்வுகளால் சுமார் 3,500 கிலோமீற்றர் உயர்த்தினர். கதிர்வீச்சுப் பட்டையின் தாக்கம் குறைந்தது. புவியை நோக்கும் உணர்கருவியும் ஒழுங்காக இயங்கலாயிற்று. ஆறாவதும் 2015இன் முற்பகுதியில் அவ்வாறே உயர்த்தப்பட்டது.

அப்போதும் பாதை நீள்வட்டமே. நாளொன்றுக்கு இருமுறை அவை சுமார் 8,500 கிலோமீற்றர் ஏறி இறங்கின. ஈர்ப்பு வலுத்த இடத்தில் மணிக்கூடு மெதுவாக ஓடும் என்பது ஐன்ஸ்ரைனின் கூற்று. வட்டப்பாதையில் அவ்வேறுபாடு மாறாது நிற்பதால், மணிக்கூட்டின் சொந்தப் பிழையிலிருந்து அதனைப் பிரித்தறிவது கடினம். நீள்வட்டத்திலோ அது அலைபோல் கூடிக் குறையும், பிரித்தெடுக்கலாம். மேலும், இவற்றிலிருந்தவை மிகத் துல்லியமான ஐதரசன் மேசர் மணிக்கூடுகள்.

இதற்கு முன்னைய சிறந்த சோதனை 1976இல் நிகழ்ந்தது. அன்று ஒரு மணிக்கூட்டை ரொக்கெற்றில் சுமார் 10,000 கிலோமீற்றர் உயரத்துக்கு அனுப்பி, இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகவே அளக்க முடிந்தது. வழிதவறிய இவ்விரு செய்மதிகளோ ஆயிரம் நாட்களுக்குரிய அளவீடுகளைத் தந்தன. பாரிஸ் வானியல் ஆய்வகத்தினரும் ஜேர்மனியின் பிறேமன் நகர ஆய்வாளரும் தனித்தனியே கணித்து, 2018 டிசம்பரில் முடிவுகளை வெளியிட்டனர். ஐன்ஸ்ரைனின் கூற்று நிலைத்தது. பாரிஸ் குழுவினரின் அளவீடு 1976ஆம் ஆண்டினதைவிட ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட துல்லியம் வாய்ந்ததாய் இருந்தது.