காணொளிப் பயிற்சிக்கு முன் டிவியைக் கொஞ்சம் கவனியுங்கள்



வாய்மொழித் தேர்வில் காணொளியைப் பார்த்துப் பேசும் பகுதிக்காக, சில மாதங்களுக்கு முன் நானே ஒரு காட்சியைக் கைத்தொலைபேசியில் எடுத்து, மாற்றி, மாணவர்களுக்கு அனுப்பினேன். புளோக்கின் கீழ்த்தளத்தில் எடுத்தது. வெயில் பக்கம் ஓர் இளைஞர் நடந்து போகிறார். தூண் நிழலில் ஒரு மூதாட்டி சிதறிய ஆரஞ்சுப் பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். மறுநாள் ஒரு மாணவி சொன்னாள்: "சார், அந்த அண்ணன் சும்மா நடந்து போறாரு. வேற ஒண்ணும் நடக்கலையே?"

'உற்றுநோக்கும் திறன் போதாது' என்று குறிப்பு எழுதிவிட்டேன். அதே காணொளியை வகுப்புக் கணினியில் போட்டபோதுதான் அவள் துள்ளினாள். "சார், இந்தப் பாட்டி எங்க வீட்டு டிவியில இல்லவே இல்ல சார்!"

பாட்டி இருந்தார். கறுப்புக்குள் இருந்தார். குறிப்பை அடித்துவிட்டு, காரணத்தைத் தேடினேன். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கணினி ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் 0 முதல் 255 வரையுள்ள எண்ணால் குறிக்கிறது. 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை. தொலைக்காட்சி மரபு வேறு. அங்கே 16தான் கறுப்பு, 235தான் வெள்ளை. மடிக்கணினியை எச்டிஎம்ஐ கம்பி வழியாக டிவியில் இணைக்கும்போது இரண்டும் ஒரே மரபில் பேசினால் பிரச்சினையே இல்லை. கணினி 0 - 255 கணக்கில் அனுப்ப, டிவி அதை 16 - 235 என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? 16க்குக் கீழே உள்ளதெல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். நிழலில் இருக்கும் பாட்டி, பை, பழம் எல்லாம் போச்சு. வெள்ளைப் பக்கமும் அப்படித்தான், மேகமும் வானமும் ஒன்றாகிவிடும். தலைகீழாக நடந்தால் கறுப்பு சாம்பலாகி, படம் முழுவதும் பனி படர்ந்ததுபோல் வெளுத்துத் தெரியும்.

இதைச் சோதிக்க எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். பவர்பாயிண்டில் ஒரு பக்கத்தின் பின்னணியை முழுக் கறுப்பாக்கி, அதன்மேல் நான்கு கட்டங்கள் வரையுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்று மதிப்பையும் முதல் கட்டத்திற்கு 10, அடுத்தவற்றுக்கு 20, 30, 40 என்று கொடுங்கள். இன்னொரு பக்கத்தை வெள்ளையாக்கி அதில் 240, 245 மதிப்பில் இரண்டு கட்டங்கள். டிவியில் போட்டு, விளக்கை அணைத்துப் பாருங்கள். 10 காணாமல் போய், 20 தெரிந்தும் தெரியாமலும் இருந்து, வெள்ளைப் பக்கக் கட்டங்களும் மறைந்துவிட்டால், மேலே சொன்ன குழப்பம்தான். டிவி அமைப்பில் 'எச்டிஎம்ஐ பிளாக் லெவல்' அல்லது அதை ஒத்த பெயரில் ஒன்று இருக்கும். அதை மாற்றி மாற்றிப் பார்த்தால் ஏதோ ஒன்றில் கட்டங்கள் வெளியே வரும். அவ்வளவுதான் வேலை.

அங்கேயே இருக்கும்போது 'பிக்சர் மோட்' என்பதையும் பார்த்துவிடுங்கள். 'விவிட்' என்பது கடையில் பக்கத்து டிவியைவிடப் பளிச்சென்று தெரிவதற்கானது, வீட்டுக்கு அல்ல. தோல் நிறம் நீலம் கலந்து வரும், சிவப்புச் சேலை கண்ணைக் குத்தும். 'சினிமா' அல்லது 'மூவி' வையுங்கள். காணொளி தயாரிப்பவர்கள் பின்பற்றும் 6500 கெல்வின் வெண்மைக்கு அதுதான் பெரும்பாலும் அருகில் இருக்கும். முதல் நாள் மஞ்சளாகத் தோன்றும். இரண்டு நாளில் கண் பழகிவிடும். ஆனால் இரவில் மடிக்கணினியும் கைத்தொலைபேசியும் தாமாக மஞ்சளாவது வேறு கதை. அது 'நைட் லைட்', 'நைட் ஷிஃப்ட்' என்ற வசதி. பயிற்சி நேரத்தில் அணைத்துவிடலாம்.

ஒரு பெயர்க் குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். பல டிவிகளில் 'பிரைட்னஸ்' என்பது திரையின் வெளிச்சம் அன்று, கறுப்பு எங்கே தொடங்க வேண்டும் என்ற அளவு. வெளிச்சம் 'பேக்லைட்' என்ற பெயரில் இருக்கும். அறை வெளிச்சமாக இருக்கிறதென்று பிரைட்னஸைக் கூட்டினால் படம் வெளுக்கும். குறைத்தால் பாட்டி மறுபடியும் மறைவார். சில டிவிகளில் பெயர்கள் வேறு மாதிரி இருக்கும். அதனால் பெயரை நம்பாமல் அந்தக் கட்டங்களை நம்புங்கள்.

டிவி சரியாக இருந்தும் படம் சரியில்லையா? அதே கோப்பைக் கைத்தொலைபேசியில் போடுங்கள். அங்கேயும் மோசமாக இருந்தால் கோப்பில்தான் கோளாறு. இது பெரும்பாலும் ஆசிரியர்களான நம் பக்கத்துத் தவறு.

புதிய கைத்தொலைபேசிகள் பல எச்.265 முறையில், எச்டிஆர் ஆகப் பதிவு செய்கின்றன. எச்.265 என்பது 2013இல் வந்தது. பழைய வகுப்பறைக் கணினிகள் சில அதைத் திறக்கத் திணறும். எச்டிஆர் படத்தின் வெளிச்சக் கணக்கும் நிறப் பரப்பும் சாதாரணப் படத்தினுடையவை அல்ல. மாற்றும்போது 'இது எச்டிஆர்' என்ற குறிப்பு தொலைந்துவிட்டால், டிவி அதைச் சாதாரணப் படமாகக் காட்டும். நிறமெல்லாம் செத்துப்போய், சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும். பிறகு சரிசெய்ய அல்லாடுவதைவிட, பதிவு செய்வதற்கு முன்பே கேமரா அமைப்பில் எச்டிஆர் காணொளியை அணைத்துவிடுவது உத்தமம்.

மாற்றுவதற்கு ஹேண்ட்பிரேக் போதும். இலவசம், விளம்பரத் தொல்லை இல்லை. அதன் அதிகாரத்துவ இணையத்தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். 'ஃபாஸ்ட் 1080பி30' என்ற தயார் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் எச்.264 காணொளியாக, எம்பி4 கோப்பாகக் கிடைக்கும். 2003இல் வந்த அந்த முறை ஏறக்குறைய எல்லாக் கருவியிலும் ஓடும். தர அளவைக் குறிக்கும் எண்ணில் ஒரு சூட்சுமம் உண்டு: எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். 1080 காணொளிக்கு 20 முதல் 24 வரை போதும். 'நல்லா இருக்கட்டும்' என்று 10 வைத்து, அனுப்பவே முடியாத கோப்போடு நின்றவன் நான்.

அலமாரியில் பழைய விசிடி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர் விசிடியின் படம் 352க்கு 288 புள்ளிதான். அதை 1080 ஆக மாற்றினால் கோப்புதான் பெரிதாகும், இல்லாத விவரம் வராது. பள்ளி விழாவை எடுத்த பழைய டிவிடியில் கை அசையும்போது சீப்புப் பற்கள் போலக் கோடுகள் வந்தால், ஹேண்ட்பிரேக்கின் ஃபில்டர்ஸ் பகுதியில் 'டீஇன்டர்லேஸ்' போடுங்கள். மூலக் கோப்பை மட்டும் எப்போதும் அழிக்காதீர்கள். மாற்றியதை மறுபடி மறுபடி மாற்றினால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும்.

மாணவர்களே, உங்கள் பங்குக்கு ஒன்று. பயிற்சிக் காணொளியில் எதையாவது 'காணோமே' என்று தோன்றினால், பேசாமல் இருந்துவிடாமல் ஆசிரியரிடம் சொல்லுங்கள். என் மாணவி அன்று துள்ளியிராவிட்டால், அந்தக் குறிப்பு அப்படியே இருந்திருக்கும். இப்போதெல்லாம் ஒவ்வொரு காணொளியோடும் அந்தக் கட்டம் போட்ட பக்கத்தையும் சேர்த்தே அனுப்புகிறேன்.