வாடகைக்கு ஒரு மேக்

ஐபோனுக்கென்று செயலி ஒன்றை எழுதி முடித்தவர், அதனை ஆப்பிள் நிறுவனத்தின் ஆப் ஸ்டோரில் ஏற்ற விரும்பினால், எக்ஸ்கோட் என்னும் மென்பொருளின் துணையின்றிக் காரியம் எளிதில் கைகூடாது. அந்த எக்ஸ்கோடோ மேக் கம்ப்யூட்டரில் மட்டுமே ஓடும். மேக்கின் இயங்குதளத்தையோ, ஆப்பிள் தயாரித்த யந்திரத்தைத் தவிர வேறெதிலும் நிறுவலாகாது என்று அதன் உரிம ஒப்பந்தம் கண்டிப்பாகச் சொல்கிறது. விண்டோஸிலும் லினக்ஸிலும் பழகிய புரோகிராமர்களும், நாள்தோறும் பலமுறை செயலியைத் திருத்திச் சோதிக்கும் பெரிய கம்பெனிகளும், எங்கோ ஒரு டேட்டா சென்டரில் இருக்கும் மேக்கை வாடகைக்கு அமர்த்திக்கொள்வதற்கு மூலகாரணம் இந்த நிபந்தனைகளே.

சர்வராகவே பிறந்த மேக்கும் ஒரு காலத்தில் இருந்தது. 2002-இல் வெளிவந்த எக்ஸ்சர்வ் என்னும் அந்தத் தட்டையான யந்திரத்தின் விற்பனையை 2011 ஜனவரியோடு ஆப்பிள் நிறுத்திவிட்டது. அதற்கு முன்பே, 2005 ஜனவரியில் 499 டாலர் விலையில் அறிமுகமான மேக் மினியின் சிற்றுருவத்தைக் கண்டு, அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் மேக்மினிகோலோ என்ற நிறுவனம், அத்தகைய யந்திரங்களுக்கு இடமும் மின்சாரமும் குளிர்ச்சியும் இணைய இணைப்பும் அளித்துப் பராமரிக்கும் தொழிலை அவ்வாண்டிலேயே தொடங்கியிருந்தது. 2020 நவம்பரில் அமேசானும் மேக் மினிகளை வாடகைக்கு விட முன்வந்தபோது, இவ்வழக்கம் பிரதான வர்த்தகமாகவே அங்கீகாரம் பெற்றது.

ஆயினும், மேஜைமேல் மனிதனுக்கு எதிரே இருப்பதற்கென்று வகுக்கப்பட்ட யந்திரத்தை ஆளில்லாத கூடத்தில் அடுக்கிவைக்கும்போது சில சங்கடங்கள் எழாமல் இரா. மானிட்டர் இல்லாத மேக், திரைக்காட்சியை மந்தமாகவே அனுப்பக்கூடும் என்பதற்காக, மானிட்டர் இருப்பதாகவே அதனை நம்பவைக்கும் கட்டைவிரல் அளவுள்ள போலிப் பிளக் ஒன்றை அதன் பின்புறத்தில் செருகிவைப்பார்கள். சர்வர் ரகக் கம்ப்யூட்டர்களில், பிரதான யந்திரம் உறைந்துபோனாலும் தூரத்திலிருந்து எழுப்புவதற்கென்றே தனிச் சில்லு ஒன்று உள்ளே விழித்திருக்கும். மேக் மினிக்குப் பொதுவாக அந்தப் பாக்கியம் இல்லாமையால், மின்சாரத்தையே துண்டித்து மறுபடி கொடுப்பதும், கரண்ட் வந்தவுடன் தானே கிளம்பும்படி முன்கூட்டியே அமைத்துவைப்பதும் வழக்கம். 2024-ஆம் ஆண்டு மாடலிலோ பவர் பட்டன் அடிப்புறத்துக்கே போய்விட்டபடியால், அடுக்கில் செருகிய பெட்டியை நேரில் நின்று இயக்குவதும் அத்தனை சுலபமன்று.

வட்டிலுள்ளவற்றைப் பூட்டிக் காக்கும் ஃபைல்வால்ட் ஏற்பாட்டையும் இங்கே யோசித்தே கையாள வேண்டும். ரீஸ்டார்ட் ஆனதும் இணையத்தில் இணைவதற்கு முன்பாகவே கடவுச்சொல்லைக் கேட்டு யந்திரம் நின்றுவிடுவதும், அதனைத் தட்டுவதற்கு அங்கே ஆளில்லாதிருப்பதும் நெடுங்காலம் இருந்துவந்த தொல்லை.

வாடகையிலும் ஒரு விசேஷம் உண்டு. தொடர்ச்சியாக 24 மணி நேரத்துக்குக் குறையாமல்தான் மேக்கைக் குத்தகைக்கு விடலாம் என்பது ஆப்பிளின் விதி. ஆகையால் பத்து நிமிஷ வேலையே ஆனாலும் ஒரு நாள் வாடகையைக் கொடுத்தே தீரவேண்டும். சாதாரண வலைத்தளம் நடத்துவோருக்கு மலிவான லினக்ஸ் சர்வரே போதும். மேக்கில்தான் ஆகவேண்டிய காரியம் இருப்பவர்களுக்கே இந்தச் செலவு நியாயமானது. அவர்களும், ஒரு நாள் வேலையைத் திரட்டிவைத்துக்கொண்டு யந்திரத்தை அமர்த்தினால் கொடுத்த பணத்துக்கு முழுப் பிரயோஜனத்தை அடைவார்கள்.