கட்டம் போட்ட துணியின் சொந்தக்காரர்கள்

அசாமில் ஒரு பெண்ணின் உடையை வைத்தே அவள் எந்தச் சமூகம் என்று பல நேரம் சொல்லிவிடலாம். மார்பிலிருந்து கணுக்கால்வரை ஒரே துணியாகச் சுற்றியிருந்தால் அது போடோக்களின் தொக்கோனா. கார்பிப் பெண்கள் இடுப்பில் பினியும் மேலே பெக்கோக்கும் அணிவார்கள். திமாசாக்களுக்கு ரிகு. சமவெளி அசாமியருக்கு மேகலா சாதோர். தறி வீட்டிலேயே இருக்கும். நெய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அங்கே நெசவு ஒரு சாதிக்கென்று ஒதுக்கிய தொழிலல்ல. ஆகவே நெய்த கையும் உடுத்தும் உடம்பும் பெரும்பாலும் ஒரே குடும்பத்தில் இருக்கின்றன.

உடையை வைத்துச் சமூகத்தைச் சொல்லிவிட முடியுமா என்று சென்னையின் ஊரூர் ஒல்காட் குப்பத்தில் கேட்டால் என்ன பதில் வரும்? அடையாறு முகத்துவாரத்துக்கும் எலியட்ஸ் கடற்கரைக்கும் இடையில் உள்ள மீனவர் ஊர் இது. பிரம்மஞான சபையின் நிறுவனர்களில் ஒருவரான கர்னல் ஒல்காட்டின் பெயர் ஊர்ப்பெயரிலேயே இருக்கிறது. படகைக் கரையேற்றிவிட்டு வலையைப் பிரிக்க உட்காரும் ஆண்களின் இடுப்பில் இருப்பது கட்டம் போட்ட கைலி. அதை யாரும் மரபு உடை என்று சொல்வதில்லை. கல்யாணத்துக்கு வேட்டிதான். கைலியோடு ஆபீசுக்குப் போனால் வாசலிலேயே நிறுத்துவார்கள்.

கைலி தொன்மையான மீனவர் உடை என்றும் வாதாட முடியாது. நூறாண்டுக்கு முந்தைய சென்னைப் படங்களில் கட்டுமரக்காரர்கள் கோவணத்தோடுதான் நிற்கிறார்கள். ஆனால் கட்டத் துணிக்கும் இந்தக் கரைக்கும் உள்ள உறவு அதைவிடப் பழையது. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்த மணல்மேட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம், இங்கே துணி மலிவாகக் கிடைத்தது. நெசவாளர்களைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள 1734இல் சிந்தாதிரிப்பேட்டையை உருவாக்கினார்கள். அடையாற்றின் கரையில் சற்று மேலே இருக்கும் சைதாப்பேட்டையிலும் தறிகள் ஓடின. வடக்கே பழவேற்காட்டிலிருந்து டச்சுக்காரர்கள் ஏற்றுமதி செய்தார்கள். அந்த ஊரின் பெயரால்தான் மலாய்க்காரர்கள் இன்றும் தங்கள் கட்டக் கைலியை அழைக்கிறார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். அலைக்கு நடுவே சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்த்தவை மசூலாப் படகுகள். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகுகள் அவை. அலை மோதினால் உடையாமல் வளைந்துகொடுக்கும். ஓட்டியவர்கள் இந்தக் கரையின் மீனவர் சமூகங்கள். அதாவது, துணி மூட்டைகள் உலகத்துக்குப் போனது மீனவர்களின் துடுப்பால். துணி வணிக வரலாறுகளில் வணிகர் வருகிறார், நெசவாளர் ஓரளவு வருகிறார். படகோட்டிக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம்.

அந்த மூட்டைகளில் ஒரு பகுதி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. பதினெட்டாம் நூற்றாண்டு அடிமை வணிகத்தில் மனிதர்களை வாங்கக் கொடுத்த பண்டங்களில் இந்தியப் பருத்தித் துணி முக்கியமானது என்பதையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் மெட்ராஸ் கட்டத் துணியை இஞ்சிரி என்கிறார்கள். அவர்களும் மீன்பிடியிலும் வணிகத்திலும் ஊறியவர்கள். குழந்தை பிறந்தால் இஞ்சிரி, இறந்தவரைக் கிடத்தும் கட்டிலை அலங்கரிக்கவும் இஞ்சிரி. சில பெண்கள் அத்துணியில் வெளிர்நிற இழைகளை மட்டும் பிளேடால் அறுத்து உருவிப் புதுக் கோலங்களை வரவழைக்கிறார்கள். அதற்கு பெலெட்டே பீட்டே என்று பெயர். இழையை உருவியபின் அது மெட்ராஸ் துணி அல்ல, கலபாரித் துணி. அவர்களுக்கு அது குலத்தின் அடையாளம். வேறொரு நாட்டில், வேறொருவர் தறியில் பிறந்தது என்பது அதற்குக் குறையாகவில்லை.

கரீபியன் தீவுகளிலும் இதே கதைதான். செயின்ட் லூசியா, மார்த்தினிக், குவாதலூப் பெண்களின் விழாக்கால உடையில் மெட்ராஸ் கட்டம் கட்டாயம் உண்டு. பிரெஞ்சுத் தீவுகளுக்குத் தமிழ் ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறியது 1850களில்தான். துணி அவர்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது.

அமெரிக்காவில் இது வேடிக்கையாக முடிந்தது. பிற்பாடு லீலா ஓட்டல்களைத் தொடங்கிய கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயர் சொல்லிவந்த கதை: 1958இல் அவரிடம் மெட்ராஸ் துணி வாங்கிய அமெரிக்க வணிகர், குளிர்ந்த நீரில்தான் துவைக்க வேண்டும் என்ற எச்சரிக்கையைப் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குச் சொல்லாமல் விட்டுவிட்டார். சட்டைகள் சாயம் விட்டன, வாங்கியவர்கள் கொதித்தார்கள். கடைசியில் சாயம் போவதையே பெருமையாக விளம்பரம் செய்து விற்றார்கள்.

உடையைத் தையலோடு பார்த்தால் அசாமும் குப்பமும் அவ்வளவு தூரமில்லை. மேகலா, இரு முனையும் சேர்த்துத் தைத்த துணிக்குழல். இடுப்பில் மடித்துச் செருகுவது. கைலியும் அதுவேதான். கடையில் இரண்டு மீட்டர் சொச்சம் துண்டாக வாங்கி, தையல்காரரிடம் கொடுத்து மூட்டிக்கொள்கிறோம். டெல்லியில் சட்டம் எழுதியவர்களும் இரண்டையும் ஒரே பட்டியலில்தான் வைத்தார்கள். கைத்தறிக்கு மட்டும் சில துணிவகைகளை ஒதுக்கும் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதலில் 22 வகைகள் இருந்தன, இப்போது 11. லுங்கியும் அதில் உண்டு, மேகலாவும் உண்டு.

பாதுகாப்பு ஏட்டில் ஒன்றுதான், நடைமுறை வேறு. அசாமியரின் கமோசாத் துண்டுக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மறு ஆண்டே விசைத்தறியில் நெய்த கமோசாவையும் மேகலா சாதோரையும் விற்கக்கூடாதென்று அம்மாநில அரசு இறங்கியது. அவை தங்கள் அடையாளம் என்ற உணர்வு அங்கே அரசியலுக்கும் பலம் தருகிறது. கைலிக்கு அப்படிப்பட்ட ஆதரவாளர் யாரும் இல்லை. கடலூர் மாவட்டக் குறிஞ்சிப்பாடி, வேலூர்ப் பக்கத்துக் குடியாத்தம் என்று கைலிக்கே பெயர்பெற்ற ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. ஆனால் வாங்குபவர் கடைக்காரரிடம் கேட்பது எந்த ஊர், எந்தத் தறி என்றல்ல; சாயம் போகுமா, மூட்டித் தருவீர்களா என்றுதான்.