கர்ப்பகாலத்தில் நீர்க்கடுப்பு: இளநீரோடு விட்டுவிடலாமா?

கர்ப்பிணிப் பெண் சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது என்று சொன்னால், நம் வீடுகளில் முதலில் வரும் பதில் "உடம்புச் சூடு, இளநீர் குடி" என்பதுதான். இளநீரும் பார்லித் தண்ணீரும் உடம்புக்கு நல்லவைதான். ஆனால் எரிச்சலுக்குக் காரணம் கிருமி என்றால், இவை அதைக் கொல்லாது. நாம் வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கும் நாட்களில் கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிடலாம்.

பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் பாதை சுமார் 4 சென்டிமீட்டர் நீளமே உள்ளது. குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியா எளிதில் சிறுநீர்ப்பைக்குள் சென்றுவிடுகிறது. கர்ப்பகாலத்தில் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன், சிறுநீரகத்திலிருந்து சிறுநீரைக் கொண்டுவரும் குழாய்களைத் தளர்த்துகிறது. வளரும் கருப்பையும் அவற்றை அழுத்துகிறது. இதனால் சிறுநீர் தேங்கி, கிருமி பெருகுகிறது. கருப்பை சற்று வலப்புறம் சாய்வதால், பெரும்பாலும் வலது சிறுநீரகமே முதலில் பாதிக்கப்படுகிறது.

இதைவிடக் கவலை தருவது, எரிச்சலே இல்லாமல் கிருமி இருப்பது. நூறு கர்ப்பிணிகளில் 2 முதல் 10 பேருக்கு இப்படி இருக்கக்கூடும். கவனிக்காமல் விட்டால் அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குச் சிறுநீரகத் தொற்று வரலாம். குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை ஆகியவற்றுக்கும் இத்தொற்றோடு தொடர்பு உண்டு. அதனால்தான் மூன்று, நான்காம் மாதத்திலேயே 'யூரின் கல்ச்சர்' எடுக்கச் சொல்கிறார்கள். "எனக்குத்தான் ஒன்றும் இல்லையே" என்று அதைத் தவிர்க்கக் கூடாது.

பரிசோதனைக்கு வீட்டு மருந்துப் பாட்டிலைக் கழுவி எடுத்துப் போவதைப் பார்க்கிறோம். அது வேண்டாம், லேபில் தரும் டப்பாதான் சரி. நன்றாகக் கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடித்துத் தாமதிக்காமல் கொடுக்க வேண்டும். கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாட்கள் ஆகும்.

மருந்து விஷயத்தில் நாம் கண்டிப்பாகச் சொல்ல விரும்புவது, கடையில் கேட்டு வாங்கியோ, முன்பு மிஞ்சிய மாத்திரையை எடுத்தோ போடக் கூடாது என்பது. நீர்க்கடுப்புக்குப் பலருக்கும் தெரிந்த சிப்ரோஃப்ளாக்சசின் பொதுவாகக் கர்ப்பிணிகளுக்குத் தரப்படுவதில்லை. நைட்ரோஃபுரான்டாயின் கொடுக்கப்பட்டாலும், பிரசவம் நெருங்கும்போது தவிர்ப்பார்கள். எந்த மாதத்தில் எது பாதுகாப்பு என்பதை டாக்டர்தான் சொல்ல முடியும். இரண்டே நாளில் எரிச்சல் நின்றாலும் எழுதிக் கொடுத்த நாட்கள் முழுவதும் சாப்பிட வேண்டும். முடிந்தபின் மறுபடியும் சிறுநீரைப் பரிசோதிக்கச் சொல்வார்கள்.

குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப்பக்கம் அல்லது முதுகில் வலி, வாந்தி, சிறுநீரில் இரத்தம் இவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடிவயிறு விட்டு விட்டு வலித்தாலும் அப்படியே; தொற்று பிரசவ வலியைத் தூண்டக்கூடும்.

புதிதாக வந்த மருமகள் இதையெல்லாம் சொல்லக் கூச்சப்படுவாள். கணவரும் மாமியாருமே கேட்டுவிடுவது நல்லது. கல்யாண வீட்டிலும் பஸ் பயணத்திலும் கழிப்பறை இல்லையே என்று மணிக்கணக்கில் சிறுநீரை அடக்குவதும், அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் நம் பெண்களிடம் அதிகம். கழுவும்போது முன்னிருந்து பின்னோக்கிக் கழுவ வேண்டும். வாசனை சோப்பும் டெட்டாலும் தேவையில்லை, தண்ணீரே போதும்.

ரமளானில் நோன்பு வைக்க விரும்பும் கர்ப்பிணிகள் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும். தொற்று இருக்கும்போது பகல் முழுவதும் தண்ணீரில்லாமல் இருப்பதும், மாத்திரை நேரம் தவறுவதும் நிலைமையை மோசமாக்கும். நோயாளிக்கு நோன்பைத் தள்ளிவைத்துப் பின்னர் நோற்க மார்க்கமே அனுமதி தந்திருக்கிறது. டாக்டர் அனுமதித்து நோற்பவர்கள், நோன்பு திறந்ததிலிருந்து சஹர் வரை தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் குடிக்கலாம். சஹர் முடியும் நேரத்தில் ஒரே மூச்சில் ஒரு செம்பு குடிப்பதால் பயனில்லை.